டர்பனுக்குப் போகாத புளி

எங்கள் ஊர் பென்னாகரம். புளி மண்டிதான் எங்கள் தொழில். மரத்திலிருந்து இறங்கும் புளியை ஓடு உடைத்து, கொட்டை எடுத்து, உப்புப் போட்டு அடைத்து மெட்ராசுக்கு அனுப்புவோம். அதில் ஒரு பங்கு கப்பலேறித் தென்னாப்பிரிக்காவின் டர்பன் வரை போகும். என் அக்கா அந்த ஊரில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். யுத்தத்துக்கு முன்னால் அங்கிருந்து பெண் தேடி வந்த மாப்பிள்ளை, கல்யாணம் முடிந்த கையோடு கூட்டிப் போய்விட்டார்.

யுத்தம் முடிந்த மறு வருஷம் அக்காவும் மாமாவும் அங்கே சொந்தமாக வீடு கட்டி முடித்தார்கள். குடிபோக நாள் பார்த்த நேரத்தில் அந்த நாட்டு அரசாங்கம் ஒரு சட்டம் போட்டது. வெள்ளைக்காரர்களுக்கென ஒதுக்கிய தெருக்களில் இந்தியர் குடியிருக்கக் கூடாதாம். அக்காவின் வீடு அப்படியொரு தெருவில் மாட்டிக்கொண்டு, குடிபோக முடியாமல் பூட்டிக் கிடந்தது. டெல்லி சர்க்கார் அங்கிருந்த தன் பிரதிநிதியைத் திருப்பி அழைத்தது, வியாபாரத்தை நிறுத்தியது, உலக நாடுகளின் சபையில் பிராதும் கொடுத்தது. நமக்கே சுதந்திரம் வராத காலம் அது. அப்படியிருந்தும் இவ்வளவு செய்ததில் எங்கள் மண்டியில் யாருக்கும் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"இது ஊர் விலக்குதாங்க. நெருப்பு, தண்ணி குடுக்கக் கூடாது. சீக்கிரம் வழிக்கு வந்துருவான் பாருங்க" என்று என் வீட்டுக்காரர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்கும் அது பிடித்திருந்தது. ஆனால் எங்கள் பக்கத்து ஊர் விலக்கில் ஒரு வழக்கம் உண்டு. விலக்கிய வீட்டில் நம் பெண் வாழ்ந்தால், பிறந்த வீடு அவளுக்கு உப்பும் புளியும் கொடுக்கலாம். யாரும் தடுக்க மாட்டார்கள். நல்ல புளியாகப் பொறுக்கிக் கட்டித் தபாலாபீசுக்குக் கொண்டு போனேன்.

"அந்த நாட்டுக்குச் சரக்கு எதுவும் போகாதுங்கம்மா" என்றார் போஸ்ட்மாஸ்டர்.

"சரக்கு இல்லீங்க, பொறந்த வூட்டுச் சீரு. குடுத்த பொண்ணுக்குப் புளி குடுக்கறத எந்த ஊர் விலக்கும் தடுக்காதுங்க."

"இது ஊரு இல்லீங்கம்மா, தேசம்."

தேசத்துக்கு மட்டும் நியாயம் வேறா என்று சத்தம் போட்டுவிட்டு வந்தேன். விடுகிற ஆளா நான்? கொழும்பு வழியாக வேறு பெயரில் அனுப்பித் தருவதாக மெட்ராஸ் தரகர் ஒருவர் சொன்னார். மூட்டையைத் தயாராக்கிவிட்டு அக்காவுக்கு எழுதினேன்.

பதில் சுருக்கென்று வந்தது. இந்தியர் இருக்கக் கூடாது என்று சொன்ன இடத்தில் மற்றப் பெண்களோடு கூடாரம் போட்டு உட்கார்ந்து, அக்கா ஜெயிலுக்கே போய் வந்திருந்தாள். 'கொழம்புக்குத் தக்காளி போட்டுக்கறோம். வியாபாரத்த நிறுத்தச் சொல்லிக் கேட்டதே நாங்கதான். அதுல நீ சந்து வெக்காத' என்று எழுதியிருந்தாள். ஆசையாகப் புளி மூட்டை கட்டிய எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பெருமையாகவும் இருந்தது. மூட்டையைப் பிரித்து உள்ளூர்ச் சந்தையிலேயே விற்றோம்.

வருஷக் கடைசியில் பிராது சபைக்கு வந்தது. இது எங்கள் வீட்டு விவகாரம், வெளியார் தலையிடக் கூடாது என்று அந்த நாடு வாதாடியதாம். பெண்டாட்டியை அடித்துவிட்டுப் பஞ்சாயத்துக்கு வருகிறவன் பேசும் அதே பேச்சு! பேப்பரில் படித்துவிட்டு மண்டியே சிரித்தது. சபை ஓட்டெடுத்து நம் பக்கம் தீர்மானம் போட்டதும் வெடி வெடித்தோம். புது வீட்டில் பால் காய்ச்ச நல்ல நாள் குறித்து அக்காவுக்கு உடனே எழுதிப் போட்டேன்.

வீடு திறக்கவில்லை. எங்கள் ஊர்ப் பஞ்சாயத்து தீர்ப்புச் சொன்னால் அன்றைக்கே சாவியை வாங்கிக் கையில் கொடுத்துவிடும். உலக சபைக்கு அந்த வழக்கம் இல்லை என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்?

அக்கா மறுபடி கூடாரம் போட்டாள், மறுபடி போலீசார் பிடித்துக்கொண்டு போனார்கள். சொந்த ஊர் எது என்று கோர்ட்டில் கேட்டார்களாம். பென்னாகரம் என்று சொல்லியிருந்தால் கப்பலேற்றி அனுப்ப அவர்களுக்கு வசதியாக இருந்திருக்கும். அக்கா, பூட்டிக் கிடந்த தன் வீட்டு விலாசத்தைச் சொன்னாளாம்.