ஆறுமுகம் அண்ணன் வீட்டுக் கல்யாணக் கோழியைக் கொட்டிய நாள்

1. ஞாயிற்றுக்கிழமை போன்

அந்த வருடங்களில் ஜோகூர் மாநிலத்தில் வெள்ளியும் சனியும்தான் விடுமுறை. ஞாயிறு வேலை நாள். தமிழர் கல்யாணங்களோ ஞாயிற்றுக்கிழமைதான் நடக்கும். அதனால் அரசாங்க வேலையில் இருந்த நாங்கள் அலுவலக உடுப்போடு ஓடிப்போய்ப் பொண்ணு மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டு, வாயில் பாயசத்தோடு ஆபீஸுக்குத் திரும்புவோம்.

நான் பொந்தியானில் மாவட்டச் சுகாதார அலுவலகத்தின் உணவுப் பாதுகாப்புப் பிரிவில் இருந்தேன். கடை, கேண்டீன், கேட்டரிங், எல்லாம் எங்கள் கண்காணிப்பு. என் பெயர் புவனேஸ்வரி. மலாய் மொழியில் திருமதிக்குப் புவான் என்பதால் ஆபீஸில் நான் 'புவான் புவனா'. கேட்கிறவர்களுக்கு ஒரே பெயரைத் திக்கித் திக்கிச் சொல்வதுபோல் இருக்கும். கடைசியில் தமிழர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள்.

அன்றைக்கு நான் போக வேண்டிய கல்யாணம் ஆறுமுகம் அண்ணன் மகள் கவிதாவுடையது. அண்ணன் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். ஊர்ப் பிள்ளைகளில் பாதிப் பேர் அவர் பஸ்ஸில் தூங்கி வழிந்து வளர்ந்தவர்கள். அதனால் பத்திரிகையும் ஊர் முழுக்கப் போயிருந்தது. காலையில் கோயிலில் தாலி, மத்தியானம் கோயிலிலேயே சைவச் சாப்பாடு, சாயங்காலம் மண்டபத்தில் கோழியோடு டின்னர்.

காலையில் கிளினிக்கிலிருந்து மெடிக்கல் அசிஸ்டண்ட் போன் செய்தார். உணவில் ஏதோ கோளாறு என்று சந்தேகம் வந்தாலே கிளினிக் எங்களுக்குச் சொல்லியாக வேண்டும்.

"புவான், ஒரே தாமான் வீடுங்கள்ல இருந்து ஆளுங்க வரிசையா வர்றாங்க. எல்லாருக்கும் வயித்து வலி, வயித்துப்போக்கு. எல்லாருமே நேத்து சாயங்காலம் ஒரே நலங்குல சாப்பிட்டவங்க."

"யார் வீட்டு நலங்கு?"

"பஸ் ஆறுமுகம் வீடு."

நான் கைப்பையில் வைத்திருந்த மல்லிகைச் சரத்தை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, தெர்மாமீட்டரையும் சாம்பிள் பெட்டியையும் எடுத்துக்கொண்டேன்.

2. கிளினிக்கில் பெரியசாமி

என்னோடு வந்தவர் ஹம்சா. எங்கள் பிரிவின் உதவியாளர், வேனையும் அவர்தான் ஓட்டுவார். கம்பம் என்கிற மலாய்க் கிராமத்துக்காரர், அதிகம் பேசாதவர்.

கிளினிக்கில் ஒவ்வொருவரிடமும் என்ன சாப்பிட்டீர்கள், எப்போது சாப்பிட்டீர்கள் என்று கேட்டோம். மீ ஹூன் என்கிற அரிசி நூடுல்ஸ் மட்டும் சாப்பிட்டவர்கள் நன்றாக இருந்தார்கள், துணைக்குத்தான் வந்திருந்தார்கள். கடலைக் குழம்பு தொட்டவர்கள்தான் மாட்டிக்கொண்டவர்கள். அவர்களில் ஆறுமுகம் அண்ணனின் அண்ணன் பெரியசாமியும் ஒருவர். ஊரே அவரைப் பெரியப்பா என்றுதான் கூப்பிடும்.

"நான் மூணு தடவ வாங்கிச் சாப்பிட்டேன்மா. ருசின்னா அப்படி ஒரு ருசி," என்றவர், முகம் மாறி, "இரு வந்துடறேன்," என்று கழிவறைக்கு ஓடினார்.

அந்தக் குழம்பைச் செய்தவர் சாந்தி அக்கா. சாயங்கால டின்னருக்கும் அவர்தான் சமையல். அதைக் கேட்டதும் ஹம்சா வேன் சாவியைக் கையில் எடுத்துவிட்டார்.

3. சாந்தி அக்கா வீட்டு போர்ச்

சாந்தி அக்கா தனியாளாக நின்று கேட்டரிங் நடத்துகிறவர். சுத்தமான மனுஷி. தரை கழுவி, தலையில் துணி கட்டி, நகம் வெட்டியிருந்தார். தப்பு அங்கே இல்லை. கார் நிறுத்தும் போர்ச்சில், ஜிங்க் தகரக் கூரைக்குக் கீழே, இடுப்பு உயரத்துக்குப் பெரிய பெரிய பானைகள். திறந்தால் கோழிப் பிரட்டல். விடியும் முன்னே சமைத்து, மூடி, சாயங்காலம் வரை அப்படியே வைப்பதாக இருந்தார்.

தெர்மாமீட்டரைப் பானைக்கு நடுவில் விட்டேன். நல்ல சூடும் இல்லை, குளிர்ச்சியும் இல்லை. வெதுவெதுப்பு. கிருமிக்கு அதைவிட வசதியான வீடு கிடையாது.

"அக்கா, நேத்து கடலைக் குழம்பும் இப்படித்தான் வெச்சிருந்தீங்களா?"

"இப்படித்தான் வெப்பேன். காலையில ஆக்கிட்டா சாயங்காலம் சூடு பண்ணிக் குடுத்துடலாம்ல. ஏன்மா? என்னாச்சு?"

சொன்னேன். அவர் நம்பவில்லை. கரண்டியில் ஒரு துண்டை எடுத்து என் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"மோந்து பாருங்க! எங்கயாவது கெட்ட வாசம் அடிக்குதா? வாயில போட்டுப் பாருங்க!"

"வாசம் நல்லாத்தான் இருக்கும்கா, ருசியும் மாறாது. அதான் ஆபத்து. சமைக்கும்போது சாகாத கிருமி சிலது இருக்கு. விதை மாதிரி உள்ள கிடக்கும். பெரிய பானை சீக்கிரம் ஆறாதுல்ல? அந்த வெதுவெதுப்புல முளைச்சு, மணிக்கணக்குல பெருகிடும்."

"மறுபடி கொதிக்க விட்டா செத்துடும்ல?"

"கிருமி சாகலாம். சில கிருமி விட்டுட்டுப் போற நஞ்சு, கொதிக்க வெச்சாலும் போகாது."

சாந்தி அக்கா கரண்டியைக் கீழே வைத்தார்.

"மொத்தத்தையும் கொட்டணுமா?"

"கொட்டணும்கா. அடுப்படியையும் இன்னைக்கு மூடணும்."

சாம்பிள் எடுத்தோம். மூடும் உத்தரவை எழுதிக் கையெழுத்து வாங்கினோம். அக்கா அழுதுகொண்டேதான் போட்டார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"அண்ணங்கிட்ட யாரு சொல்றது?"

"நான்தான் சொல்லணும்."

4. "மொதல்ல சாப்பிடு"

கோயிலுக்குப் போனபோது தாலி கட்டி முடிந்து நாதஸ்வரம் உச்சத்தில் இருந்தது. யூனிஃபார்மில் என்னைப் பார்த்ததும் ஆறுமுகம் அண்ணன் வாயெல்லாம் பல்லாக ஓடிவந்தார்.

"வா புவான் புவனா! வேலை நாள்லயும் வந்துட்ட பாரு! மொதல்ல சாப்பிடு. ஹம்சா, நீயும் வா லா, சைவம்தான், பயப்படாம சாப்பிடு."

"அண்ணே, ஒரு விஷயம்..."

"விஷயம்லாம் சாப்பிட்டுட்டுப் பேசலாம்."

கையைப் பிடித்து இழுத்துப்போய் வாழை இலை முன்னால் உட்காரவைத்துவிட்டார். சோறு விழுந்தது, சாம்பார் விழுந்தது. நல்லவேளையாகக் கோயில் சமையல் அப்போதுதான் அடுப்பிலிருந்து இறங்கியது, ஆவி பறந்தது. ஹம்சா என்னைப் பார்த்தார், நான் ஹம்சாவைப் பார்த்தேன். அண்ணன் அப்பளத்தோடு திரும்பி வந்தபோது எழுந்து நின்று, அவரைத் தூண் பக்கம் அழைத்துப்போய்ச் சொல்லிவிட்டேன்.

அவர் அப்பளத் தட்டோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஊரையே கூப்பிட்டிருக்கேன்மா. மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க ஜேபி டவுன்ல இருந்து பஸ் புடிச்சு வர்றாங்க. சாப்பாடு இல்லன்னு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்லுவேன்? எம்பொண்ணு கல்யாணம்மா இது."

பக்கத்தில் பட்டுப்புடவை சரசரக்க யாரோ வந்து உட்கார்ந்தார்கள். கவிதா. மாலையோடு, மஞ்சள் ஈரம் காயாத தாலியோடு, அப்பா பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"அப்பா, என் கல்யாணத்துல சோறு போடலன்னு ஊரு பேசட்டும், பரவால்ல. சாப்பிட்டவங்க எல்லாம் வார்டுல படுத்தாங்கன்னு பேசக் கூடாது. பெரியப்பாவக் காலையில இருந்து காணல, தாலி கட்டறதக்கூடப் பார்க்கல. ஏன்னு நெனச்சேன், இப்பதான் புரியுது."

அண்ணன் மகளையே பார்த்தார். பிறகு தட்டிலிருந்து ஒரு அப்பளத்தை எடுத்து உடைத்து அவள் வாயில் வைத்தார். சம்மதம் என்று அர்த்தம்.

5. ரேவாங்

சட்டப்படி என் வேலை அதோடு முடிந்தது. வேனில் ஏறி ஆபீஸுக்குப் போய் அறிக்கை எழுதலாம். கால் போகவில்லை. எங்கள் மாவட்ட அதிகாரி டாக்டருக்கு போன் செய்தேன். சிலோன் தமிழர், கண்டிப்பானவர் என்று பெயர்.

"சமைக்கிறது உம்முடைய வேலையில்லைப் பிள்ளை," என்றார். "ஆனா சமைக்கிற இடத்தில நிண்டு பாக்கிறது உம்முடைய வேலைதானே? நில்லும். எனக்குப் பின்னேரம் நிலவரம் சொல்லும்."

நான் போனை வைப்பதற்குள் ஹம்சா வேறொரு போனில் தன் மனைவியோடு பேசிக்கொண்டிருந்தார். முடித்துவிட்டு ஒரே வார்த்தை சொன்னார்.

"ரேவாங்."

கம்பத்தில் ஒரு வீட்டில் விசேஷம் என்றால் அக்கம்பக்கத்தார் கத்தியும் பலகையுமாக வந்து கூடிச் சமைத்துக் கொடுப்பார்கள். ஜோகூர் மலாய்க்காரர்கள் அதற்கு ரேவாங் என்பார்கள். ஹம்சாவின் மனைவி ரொகாயாவுக்கு ஒரு பள்ளிக் கேண்டீனில் வேலை. அவர் கூட்டிவந்த பெண்களில் முக்கால்வாசிப் பேர் கேண்டீன்காரர்கள், தைஃபாய்டு ஊசி போட்டவர்கள், சுத்தமாகச் சமைப்பது பற்றி நான் எடுத்த வகுப்பிலேயே உட்கார்ந்து கொட்டாவி விட்டவர்கள்.

மண்டபத்துச் சமையலறையைக் கழுவித் தயாராக்கினோம். ஹம்சாவின் மச்சான் புதுக் கோழி கொண்டுவந்தார், படகுத்துறையிலிருந்து வந்த ஐஸில் புதைத்து. மெனுவை அடியோடு வெட்டினேன். சோறு, கோழி, முட்டைக்கோஸ், ரசம். அவ்வளவுதான்.

அப்போது வாசலில் சாந்தி அக்கா, கையில் மசாலா டப்பா.

"என் அடுப்படியத்தானே மூடுனீங்க? என் கைய மூடலல்ல? கூட நின்னு செய்யறேன். நீங்க என்ன சொன்னாலும் கேக்கறேன்."

வயிறு எப்படி, கையில் வெட்டுக்காயம் உண்டா என்று கேட்டேன், விரல்களை விரித்துப் பார்த்தேன். சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லி உள்ளே விட்டேன். பச்சைக்கோழிக்கு ஒரு மேசை, வெந்ததுக்கு ஒரு மேசை. மொத்தமாகச் சமைக்கக் கூடாது, பந்திக்குப் பந்தி சமைத்து, அடுப்பிலிருந்து நேரே பரிமாற வேண்டும்.

ரொகாயாவும் சாந்தி அக்காவும் துடுப்பு மாதிரிக் கரண்டிகளோடு ஒரே சட்டியின் இரண்டு பக்கம் நின்றார்கள். ரொகாயா கொஞ்சம் சீனி போடலாம் என்றார். சாந்தி அக்கா "அலமாக், சீனியா!" என்று பதறிச் சட்டியை மறைத்துக்கொண்டார். எல்லாரும் சிரித்த சிரிப்பு மண்டபம் வரை கேட்டது.

கிளினிக்கிலிருந்து நேராகப் பெரியப்பாவும் வந்துவிட்டார். "நான் வெங்காயம் உரிக்கறேன்மா."

"பெரியப்பா, இன்னைக்கு நீங்க இந்த வாசப்படியத் தாண்டவே கூடாது. வயித்துப்போக்கு இருக்கறவங்க கைபட்டா திரும்பவும் மொதல்ல இருந்து ஆரம்பிக்கும்."

அவரைக் கழிவறைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, கிளினிக்கில் கொடுத்த உப்புச் சர்க்கரைத் தண்ணீரைக் கையில் கொடுத்தேன். சோர்ந்த உடம்பிலிருந்து போன நீரும் உப்பும் திரும்ப வர வேண்டும், அதுதான் முதல் மருந்து. அவர் அங்கிருந்தே போகிறவர் வருகிறவருக்கெல்லாம், "சோப்புப் போட்டியா? காட்டு," என்று அதிகாரம் செய்ய ஆரம்பித்தார். எனக்கு ஒரு ஆள் மிச்சம்.

6. மைக்கில் ஆறுமுகம் அண்ணன்

சாயங்காலம் மண்டபம் நிரம்பிவிட்டது. சாப்பாடுதான் இன்னும் தயாராகவில்லை. ஜேபியிலிருந்து வந்த மாப்பிள்ளையின் மாமா என்னிடம் வந்து, "என்னா லா இது, வந்தவங்கள இவ்ளோ நேரம் பட்டினி போடறீங்க?" என்றார்.

டெக்னிக்கல் பிராப்ளம் என்று எதையாவது அறிவிக்கலாம் என்று பாட்டு போடும் தம்பி யோசனை சொன்னார். ஆறுமுகம் அண்ணன் அவர் கையிலிருந்து மைக்கை வாங்கிக்கொண்டார்.

"எல்லாருக்கும் வணக்கம். உண்மையச் சொல்லிடறேன். நேத்து எங்க வீட்ல சாப்பிட்ட கொஞ்ச பேருக்கு வயிறு சரியில்லாமப் போச்சு. இன்னைக்குச் செஞ்ச கோழியையும் ஹெல்த்துல இருந்து வந்து பார்த்து, வேணாம்னுட்டாங்க. கொட்டிட்டோம். இப்ப புதுசா சமைக்கறாங்க. நேரமாகும். ஆனா சூடா வரும். நேத்து சாப்பிட்டு யாருக்காச்சும் முடியலன்னா, வெக்கப்படாம புவான் புவனாகிட்ட சொல்லுங்க. என்னைய மன்னிச்சுக்குங்க."

பின்வரிசையில் ஒரு வாலிபர் எழுந்து நின்று கத்தினார்.

"பஸ் அங்கிள்! நான் ஷூ தேடி முடிக்கிற வரைக்கும் தினமும் வீட்டு வாசல்ல நின்னீங்களே! இன்னைக்கு நாங்க நிக்கறோம்!"

"எனக்கும்தான்!" என்றது இன்னொரு குரல். "நான் பால் குடிக்கிற வரைக்கும் ஹாரன்கூட அடிக்க மாட்டீங்க!"

அப்புறம் யார் கை தட்டினார்கள், யார் விசில் அடித்தார்கள் என்று தெரியவில்லை. மாப்பிள்ளையின் மாமாவும் தட்டினார். அண்ணன் மைக்கைப் பிடித்தபடி அழுதார், சிரித்தார், இரண்டையும் சேர்த்தே செய்தார். சும்மா உட்கார்ந்திருக்க மனமில்லாமல் வந்தவர்கள் ஆட ஆரம்பித்தார்கள். கவிதா மாலையைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டு முதலில் இறங்கினாள்.

அந்த அறிவிப்பால் இன்னொரு நன்மையும் நடந்தது. காலையிலிருந்து வலியை மறைத்துக்கொண்டிருந்த சிலர் மெல்ல வந்து என் காதில் சொன்னார்கள். அதில் சர்க்கரை நோய் உள்ள ஒரு ஆண்ட்டிக்கு நிற்கக்கூட முடியவில்லை. உடனே ஹம்சா அவரை வேனில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். டிரிப் ஏற்றினார்கள். நாங்கள் விஷயத்தை மூடி மறைத்திருந்தால் அந்த ஆண்ட்டி அன்றைக்கு வாயைத் திறந்திருக்க மாட்டார்.

முதல் பந்திக் கோழி வந்தபோது தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்துக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினேன். அதற்கும் ஒரு விசில். பந்திக்குப் பந்தி அப்படியே. சீனி போட்டார்களா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சட்டி வழித்துத் துடைத்த மாதிரி காலி.

7. பிறகு

டின்னர் சாப்பிட்டவர்கள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆண்ட்டி இரண்டாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார். லேப் முடிவும் நாங்கள் சந்தேகப்பட்டது சரி என்றே வந்தது. சாந்தி அக்கா அடுப்படியைச் சரிசெய்து, வகுப்புக்கு வந்து, மறுபடி திறந்தார். இப்போது பெரிய பானையில் மூடி வைப்பதே இல்லை. பரிமாறும் நேரத்தை ஒட்டித்தான் அடுப்பு மூட்டுவார். என் வகுப்புகளில் அவரையே பேசக் கூப்பிட்டேன். "என் கோழியக் கொட்டுன அம்மா இவங்கதான்," என்றுதான் ஆரம்பிப்பார். நான் இரண்டு மணி நேரம் பேசியும் விளங்காததை அவர் பத்து நிமிஷத்தில் விளங்கவைத்துவிடுவார்.

பழைய காலத்தில் எங்கள் வேனைப் பார்த்தால் பானையை ஒளிப்பார்கள். அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு, "புவான், ஏழு மணிக்கு டின்னர், எப்ப அடுப்பு பத்த வைக்கலாம்?" என்று பொந்தியானில் போன் போட்டுக் கேட்டார்கள். ரிட்டயர் ஆன பிறகும் கேட்கிறார்கள்.

இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது: தெர்மாமீட்டர் காட்டுவதைத் தயங்காமல் சொல்லுங்கள், கல்யாண வீடாக இருந்தாலும் சொல்லுங்கள். ஆனால் சொன்ன கையோடு வேனில் ஏறிவிடாதீர்கள். அந்த வீட்டுக்காரர்களுக்கு அடுத்த வேளைச் சோறு எங்கிருந்து வரும் என்று தெரிகிற வரைக்கும் கூடவே நில்லுங்கள்.