சூசை அண்ணன் அனுப்பிய இங்கிலீஷ்

சூசை அண்ணன் போய்விட்டார். நெஞ்சுவலி... ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே. இன்று நான் டூட்டிக்குக் கிளம்பும்போது அவர் மனைவி மேரி அக்கா போன் செய்து சொன்னார்.

தோஹா தொழில்பேட்டையில் இருந்த பழைய நண்பர்களுக்கு அவரைத் தெரியும். குமரிக் கடற்கரைக்காரர். எங்கள் ஒர்க்‌ஷாப்பில் வெல்டர். என் ரூம்மேட்.

ஒரே இரும்புத் தகடுதான் எங்கள் இருவர் கையிலும் விழுந்தது. இருவருக்கும் வலது கை விரல்கள் மடங்காமல் போயின.

ஊன இழப்பீட்டை முடிவு செய்ய வந்த அதிகாரி, இங்கிலீஷ் தெரியுமா என்று கேட்டார். நான் டிப்ளமோ... "யெஸ் சார்" என்றேன். வேறு வேலை பார்க்கக்கூடியவன் என்று ஸ்டோரில் போட்டார்கள். இழப்பீடு பேருக்குத்தான்.

அண்ணன் தெரியாது என்று தலையை ஆட்டினார். இனி எந்த வேலைக்கும் ஆகாதவர் என்று முழு இழப்பீடு கொடுத்து ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

எனக்குப் பொறாமை. "படிக்காதவருக்குப் பணம், படிச்சவனுக்கு டூட்டியா அண்ணே?" என்று அவரிடமே கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. "நீ இங்க நிக்க மக்கா... நானில்லா ஊருக்குப் போறேன்."

ஊரில் வலை இழுக்க அவர் கை ஒத்துழைக்கவில்லை. கொஞ்ச நாளில் வாட்ஸ்அப்பில் அவர் குரல் வந்தது. "மக்கா, எனக்கு இங்கிலீஷ் சொல்லித் தா. அது வந்துட்டா எனக்கும் ஸ்டோர்ல ஒரு வேலை தருவானுவல்லா?"

மேனேஜரிடம் கேட்டேன். "வேலைக்கு ஆகாதுன்னு காசு கொடுத்து அனுப்பின ஆளை எப்படித் திரும்ப எடுப்பாங்க? இங்கிலீஷ் வந்தாலும் வேலை வராது. கலாஸ், முடிஞ்ச கதை, விடு."

அதை அண்ணனிடம் சொல்ல வாய் வரவில்லை. "முதல்ல படிங்க அண்ணே, பார்ப்போம்" என்றேன்.

அவர் படித்தார். தினமும் ஒரு வாக்கியம் வரும். "சார், டென் பாக்ஸ் கம்மிங். டூ பாக்ஸ் டேமேஜ்." பின்னால் அலைச் சத்தம்.

நான் ஸ்டோரில் உட்கார்ந்துகொண்டு திருத்தி அனுப்புவேன். "பாக்ஸஸ்னு சொல்லணும் அண்ணே." மறுநாள் சரியாகச் சொல்வார்...

ஒன்றுக்கும் ஆகாது என்று தெரிந்தேதான் திருத்திக்கொண்டிருந்தேன்.

மேரி அக்கா அழுதுகொண்டே சொன்னார்: "நேத்தும் போன வச்சுக்கிட்டுப் படிச்சிட்டுதான் இருந்தாவ தம்பி. நீ விசாவுக்குச் சொல்லி வச்சிருக்கேன்னு ஊரெல்லாம் சொன்னாவ."

"ஆமா அக்கா" என்றேன். இன்றைக்கும் பொய்யைத்தான் சொன்னேன்.

நாளை அடக்கம். எனக்கு லீவ் கிடைக்கவில்லை.

போய் வாருங்கள் அண்ணே...