நான் பதிலுக்குக் கை ஆட்டினேன்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் நடந்தது இது. கினிகத்தேனைக்குக் கீழே ஒரு பொது நீச்சல் தடாகத்தில், விடுமுறை முடியும்வரை பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்குகிறார்கள் என்று கேள்விப்பட்டு, என் ஒன்பது வயது மகளைச் சேர்த்திருந்தேன். நாங்கள் இருப்பது ஹட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில். பஸ்ஸில் போக ஒன்றரை மணி நேரம்.

"தண்ணியில போயி என்னத்த பழகுறது?" என்று எங்கள் லயத்து வரிசை வீடுகளில் சிரித்தவர்கள் உண்டு. ஆனால் எங்களைச் சுற்றி எங்கே பார்த்தாலும் தண்ணீர்தான். ஓடை, அருவி, அணைக்கட்டு. எங்கள் தோட்டத்தின் பக்கத்து டிவிஷனில் குளிக்கப் போன ஒரு பையன் திரும்பி வரவேயில்லை. அந்தச் செய்தி கேட்ட நாளிலிருந்து, கொழும்பில் கடையில் வேலை செய்யும் என் வீட்டுக்காரர் ஒற்றைக் காலில் நின்றார். "நமக்குத்தான் தெரியல, புள்ளயாவது பழகட்டும்" என்றார்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எங்கள் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்கிறேன். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது விட்டுப்போகும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. எந்தப் பிள்ளை எந்த மூலையில் மண்ணைத் தின்கிறது என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடுவேன். அதில் எனக்குப் பெருமை கொஞ்சம் அதிகம். என் பார்வையைத் தப்பி ஒரு பிள்ளைக்கு ஆபத்து வந்துவிடுமா என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான்.

எங்கள் பக்கத்துத் தாய்மாருக்குக் குளிர்தான் பெரிய எதிரி. பிறந்ததும் தலையில் குல்லாவை மாட்டினால் பிள்ளை நடக்கும்வரை கழற்ற மாட்டோம். என் மகளுக்குச் சின்ன வயதில் மூச்சிழுப்பு வேறு இருந்தது. அதனால் வகுப்பு முடிந்து அவள் கரையேறிய மறு நிமிடமே துடைத்து, கம்பளி சுவெட்டரை மாட்டிவிடுவேன். மூன்று வருடமாவது போடட்டும் என்று இரண்டு அளவு பெரிதாக வாங்கியது. கையை நாலு மடிப்பு மடித்துவிட வேண்டும்.

பழக்கும் தம்பி நல்ல பொறுப்பானவர். முதல் நாளே பெற்றோரை உட்கார வைத்து இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, வகுப்பு முடிந்து விசில் ஊதிய பிறகு ஒரு பிள்ளையும் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. இரண்டு, நீச்சல் உடுப்பு தவிர வேறு துணியோடு இறங்கவே கூடாது. எல்லோரையும்போல நானும் தலையை ஆட்டினேன்.

ஐந்தாம் நாள். விசில் ஊதியாயிற்று. அவர் பிள்ளைகளை எண்ணிப் பார்த்துவிட்டு, வரவு குறிக்கும் புத்தகத்தோடு உடுப்பு மாற்றும் அறைப் பக்கம் போய்விட்டார். மகள் சுவெட்டரைப் போட்டுக்கொண்டு பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து அவள் அப்பாவிடமிருந்து செய்தி வந்தது: 'புள்ள நீந்துறத வீடியோ எடுத்து அனுப்பு. கடையில எல்லாருக்கும் காட்டணும்.'

எனக்கு ஆசை வந்துவிட்டது. "ஓரத்துக் கம்பியப் புடிச்சிக்கிட்டு ரெண்டு தடவ கால அடிம்மா, அப்பாவுக்கு அனுப்புவோம்" என்றேன்.

"சுவெட்டரக் கழட்டவாம்மா?"

"வேணாம், குளுரும். ரெண்டே நிமிஷம்தான். எறங்கிட்டு வா, வேற உடுப்பு இருக்கு."

நாங்கள் உட்கார்ந்திருந்த கொட்டகை, தடாகத்தின் ஆழமான பக்கம் இருந்தது. அது எனக்குத் தெரியும். கம்பியைத்தானே பிடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன்.

மகள் இறங்கினாள், கம்பியைப் பிடித்துக் காலை அடித்தாள். நான் போனைத் தூக்கிப் பிடித்துப் படமெடுத்தேன். தண்ணீரில் ஊறிய கம்பளி இழுபட்டு, மடித்துவிட்ட கைகள் ஒவ்வொரு மடிப்பாக அவிழ்ந்து அவள் விரல்களையும் தாண்டித் தொங்கியதை நான் பார்க்கவில்லை. விரல் துணிக்குள் போய்விட்டால் வழுக்கும் கம்பியை எப்படிப் பிடிப்பது? கை நழுவி, அவள் அடித்த காலே அவளைச் சுவரிலிருந்து தள்ளிக்கொண்டு போயிற்று.

போனில் பார்த்தபோது மகள் தனியாக மிதப்பதுபோல் தெரிந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவள் இரண்டு கையையும் மேலே தூக்கித் தூக்கித் தண்ணீரை அடித்தாள். அப்பாவுக்குக் கை ஆட்டுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டே நானும் பதிலுக்குக் கை ஆட்டினேன்.



போன் திரையின் ஓரத்தில் ஒரு நீளக் கம்பு நுழைந்தது. தடாகத்தில் விழும் இலைகளை அள்ளும் வலை. அங்கே துப்புரவு வேலை செய்யும் சிங்கள அக்கா, ஈரத் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு அந்த வலையை என் மகளின் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. போனைப் போட்டுவிட்டுத் தண்ணீரில் குதிக்கப் போனேன்.

"நங்கி, பாய வேணாம்!" என்று கத்தினார் அவர். தங்கச்சியைச் சிங்களத்தில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "நீந்தத் தெரியுமா ஒங்களுக்கு? என் கால புடிங்க, கால!"

அவர் காலை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். நான் குதித்திருந்தால் அன்றைக்கு இரண்டு பேரைத் தேட வேண்டியிருந்திருக்கும். வலையைப் பிடிக்கச் சொன்னாலும் பிடிக்க மகளின் விரல்கள் துணிக்கு வெளியே இல்லையே. அந்த அக்கா வலையின் வளையத்தை அவள் அக்குளுக்குள் கொடுத்துக் கொக்கிபோல மாட்டி, மெதுவாகச் சுவரோரம் இழுத்தார். சுவெட்டரைப் பிடித்துத் தூக்கிக் கரையில் ஒருக்களித்துப் படுக்க வைத்தார். மகள் இருமினாள், வாந்தி எடுத்தாள், பிறகு அழுதாள். அந்த அழுகையைக் கேட்டதும் அவள் தலையைத் துடைக்கத் தொடங்கினேன்.

பழக்கும் தம்பி ஓடிவந்தார். "அழுறாளேன்னு விட்டுறக் கூடாது அக்கா, நெஞ்சுக்குள்ள தண்ணி போயிருக்கலாம்" என்று சொல்லி, உடனே முச்சக்கர வண்டி பிடித்தார். துப்புரவு அக்காவும் ஈர உடுப்போடு ஏறிக்கொண்டார். ஆஸ்பத்திரியில் மறுநாள் வரை வைத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள்.

வார்டுக்கு வெளியே அந்தத் தம்பி பேயறைந்ததுபோல் உட்கார்ந்திருந்தார். "நான் போயிருக்கக் கூடாது. நின்னு பாத்திருக்கணும்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். பழியை அவர் சுமந்துகொண்டு போகட்டும் என்று கொஞ்ச நேரம் நினைத்தேன், அதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். அந்த அக்கா குழாயடியில் சுவெட்டரைப் பிழிந்துகொண்டிருந்தார். எல்லாம் தெரிந்திருந்தும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, குற்றமாய்ப் பார்க்கவும் இல்லை. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "தம்பி, நீங்க விசில் ஊதுனப்பொறகு நான்தான் எறக்குனேன்" என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

அந்த அக்காவின் காலில் விழப்போனேன். பிடித்து நிறுத்தி, "பைத்தியமா? நான் எல அள்ளத்தான் போனேன். புள்ள மாட்டிச்சி" என்று சிரித்தார். அழுதுகொண்டே நானும் சிரித்தேன்.

பிறகு கேட்டேன். நான் பெற்றவள், நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருந்தேன், எனக்குத் தெரியாதது உங்களுக்கு எப்படித் தெரிந்தது?

"வெளயாடுற புள்ளன்னா சத்தம் போடும் நங்கி. இவ போடல்ல. வாய் தண்ணிக்குள்ள. மூச்சுக்கே எடமில்லாதப்ப எப்புடிக் கத்துறது?"

தண்ணீரில் தவிக்கும் பிள்ளை 'அம்மா' என்று அலறும் என்றுதான் அதுவரை நான் நம்பியிருந்தேன்.

இனி அந்தப் பக்கமே போவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். அந்த அக்காதான் விடவில்லை. "டாக்டர் சரி சொன்னதும் கூட்டி வாங்க. இப்ப விட்டா ஆயுசுக்கும் பயப்படும்" என்றார். போனோம். முதல் நாள் மகள் படியில் உட்கார்ந்து காலை மட்டும் நனைத்தாள். தன் வேலை முடிந்ததும் அந்த அக்கா வந்து அவள் பக்கத்தில் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் போனைப் பைக்குள் போட்டுவிட்டு இன்னொரு பக்கம் உட்கார்ந்தேன். விடுமுறையின் கடைசி நாள், மகள் மல்லாந்து மிதந்தாள். முகம் முழுக்க வானத்தைப் பார்த்திருந்தது.

இப்போது அவளுக்குப் பதினோரு வயது. வீட்டில் அவள் போடும் கூச்சலுக்குப் பக்கத்து வீட்டுக் காம்பராக்காரர்கள் சுவரைத் தட்டுவார்கள். முன்பெல்லாம் அதட்டி அடக்குவேன். இப்போது அவர்களிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்து, அடுப்படியில் நின்றபடி அந்தச் சத்தத்தை ஆசைதீரக் கேட்கிறேன், கேட்கும் ஒவ்வொரு முறையும் அந்த அக்காவை மனதுக்குள் கும்பிடுகிறேன்.