அருளின் பேஸ் கிட்டாரும் மூன்று ரூபாய் நாணயங்களும்

1. முதல் நாள்

செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்குப் பின்புறம் நான் கிட்டார் ரிப்பேர் கடை போட்டது தொண்ணூற்று மூன்றில். அதற்கு முன் பதினோரு வருடம் சென்னையில் ஒரு கிட்டார் பட்டறையில் வேலை பார்த்தேன். சொந்தக் கடை திறந்தால் வாசலில் வரிசை நிற்கும் என்று நினைப்பு. முதல் நாள் மாலை நாலு மணி வரை ஒரே ஒருவர் எட்டிப் பார்த்தார். அவரும் குடை ரிப்பேர் உண்டா என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

ஐந்து மணிக்கு அருள் வந்தான். மறைமலைநகரில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் காண்ட்ராக்ட் வேலை, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பேஸ் கிட்டார். கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியவன் சட்டைகூட மாற்றாமல் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தான்.

"அண்ணாத்த, இது இன்னான்னு பாரு. மேல் ஃப்ரெட்டுக்குப் போனா கொர்ருன்னு சத்தம் வருது. பாஸ்டர் திரும்பித் திரும்பிப் பாக்குறாரு."

பேஸ் கிட்டார் என்பது நாலு தடித்த கம்பிகள் உள்ள கிட்டார். பாட்டுக்கு அடியில் டும் டும் என்று போய்க்கொண்டிருக்கும் சத்தம் அதனுடையது. அருளிடம் இருந்தது உள்ளூர்ச் சரக்கு. நல்ல பேஸில் கழுத்துக்குள், அதாவது கம்பிகள் ஓடும் நீண்ட மரப் பிடிக்குள், ட்ரஸ் ராடு என்று ஓர் இரும்புக் கம்பி இருக்கும். கழுத்து வளைந்தால் அதைத் திருகி நிமிர்த்தலாம். அருளுடையதில் திருகுவதற்கு ஒன்றும் இல்லை, ஒரு இரும்புப் பட்டையை உள்ளே வைத்துப் பசை போட்டு மூடியிருந்தார்கள். கழுத்து லேசாக வளைந்து மேல் ஃப்ரெட்டுகளில், அதாவது கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகளில், கம்பி உரசியது.

இதற்கு இரண்டு வைத்தியம் உண்டு. கழுத்தின் மேல் ஒட்டியிருக்கும் விரல் பலகையைப் பிரித்து, உள்ளே புது ராடு போட்டு ஒட்டுவது ஒன்று. பத்து நாள் வேலை, பட்டறையில் செய்திருக்கிறேன். மற்றொன்று, கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜில் இருக்கும் ஸ்க்ரூவைத் திருகிக் கம்பியைக் கொஞ்சம் தூக்கிவிடுவது. பத்து நிமிஷ வேலை. ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டே நாள் இருந்தது. ஸ்க்ரூவைத் திருகினேன். உரசல் நின்றது. அருள் சந்தோஷமாகப் போனான், எனக்கும் போணி ஆனதில் சந்தோஷம்.

கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளக்க என்னிடம் கருவி கிடையாது. பட்டறையில் கற்ற வழக்கப்படி ஒற்றை ரூபாய் நாணயத்தைப் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் கம்பிக்கு அடியில் நுழைத்துப் பார்ப்பேன். பேஸில் ஒரு நாணயம் தாராளமாக நுழைய வேண்டும், அதன் மேல் இரண்டாவதை வைத்தால் தட்ட வேண்டும். அதுதான் சரியான உயரம். அன்று அருளின் பேஸில் இரண்டு நாணயமும் நுழைந்தன. பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.

2. வேலையை விட்டான்

தொண்ணூற்று ஏழு வாக்கில் மாமல்லபுரம் கடற்கரையில் ஒரு ரிசார்ட்டில் வாரத்துக்கு ஐந்து நாள், புல்வெளியில் மாலை நேரக் கச்சேரி. அங்கே பேஸ் வாசித்தவர் துபாய் போய்விட்டார். அருள் போய் வாசித்துக் காட்டினான். எடுத்துக்கொண்டார்கள். தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டான்.

"வூட்ல இன்னா சொன்னாங்க?" என்றேன்.

"கோவிச்சிகினா. ரெண்டு புள்ளைங்கள வெச்சிகினு பாட்டுப் பாடப் போறியான்னு கேட்டா. நான் எங்க பாடுறேன், அடில நின்னுகினு டும்டும்னு அடிக்கிறேன்னு சொன்னேன். அதுக்கும் கோவிச்சிகினா."

அவன் அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர். மாதச் சம்பளம் என்று ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்த முதல் ஆள் அருள்தான். அதை விட்டுவிட்டு இனி கம்பியை அழுத்தும் இடது கையை நம்பி நாலு பேர் சாப்பிட வேண்டும். தைரியம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

3. திரைக்குப் பின்னால்

கல்பாக்கத்தில் விஞ்ஞானியாக இருந்த ராகவன் சார் என் வாடிக்கையாளர். கோயமுத்தூர்க்காரர், மெதுவாகப் பேசுவார். வெளிநாட்டில் வாங்கிய பேஸ் ஒன்றை வைத்திருந்தார். தோள்வலியால் வாசிப்பதை நிறுத்திவிட்டார். அருளின் வாசிப்பு அவருக்குப் பிடிக்கும். தவணையில் தருகிறேன் என்றார். தவணை என்றாலும், அந்த விலைக்கு அருளுடையதைப் போல எட்டு வாங்கலாம்.

சார் கடையில் இருந்தபோதே அருள் என்னிடம் வந்தான். "அண்ணாத்த, அவ்ளோ டப்பு போட்டா அவ்ளோ சத்தம் வருமா?"

என் தொழிலில் தினமும் கேட்கப்படும் கேள்வி இது. நான் பதில் சொல்வதற்குள் ராகவன் சார் என்னைப் பார்த்துச் சொன்னார்: "சேகர், சந்தேகம் இருந்தா அளந்து பாத்துடலாங்க."

சர்ச் ஹாலில் கிறிஸ்துமஸ் நாடகத்துக்குக் கட்டும் நீலத் திரையைக் கட்டினோம். இரண்டு பேஸுக்கும் ஒரே மாதிரிப் புதுக் கம்பி போட்டேன். சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப் ஒன்றுதான். அருள் திரைக்குப் பின்னால் ஒரே மெட்டைப் பன்னிரண்டு தடவை வாசித்தான். ஒவ்வொரு தடவையும் எந்தப் பேஸ் என்பதை சார் நாணயம் சுண்டி முடிவு செய்து நோட்டில் எழுதிக்கொண்டார். நான் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கேட்டுக் கேட்டுச் சொன்னேன். பதினைந்து வருடம் கிட்டாரோடு வாழ்ந்த காது. பெரிய மனுஷன் மாதிரி தலையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன்.

பன்னிரண்டில் ஐந்து சரி. வாய்க்கு வந்ததைச் சொல்லியிருந்தாலும் ஆறு வந்திருக்கும்.

சார் சிரித்தார். எனக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும். உண்மையில் குஷியாக இருந்தது. உள்ளூர் பேஸைச் சரிசெய்தே பிழைக்கிறவன் நான். எட்டு மடங்கு விலைக்கும் என் ஸ்க்ரூ டிரைவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றால் ஜெயித்தது நான்தானே.

"வாங்காதடா. உன் பேஸே போதும்" என்றேன்.

அருள் திரையை விலக்கிக்கொண்டு வந்தான். சாரின் பேஸ் இன்னும் கழுத்தில் தொங்கியது. "காதுக்கு எப்டியோ அண்ணாத்த, கைக்கு இது வேற மாதிரி கீது. சும்மா தொட்டா போதும், சத்தம் வந்துருது. நம்மளத அமுக்கிகினே இருக்கணும்."

"கைக்குப் பழகிடும். ஜனம் உன் கையவா கேக்குது?"

எல்லோரும் சிரித்தோம். அருளும் சிரித்தான். கழற்றி சாரிடம் கொடுத்தான். நாலைந்து மாதத்தில் சார் அதை பெங்களூரில் யாருக்கோ விற்றுவிட்டார்.

4. கடல் காற்று

கடற்கரையில் வாசிக்கும் கிட்டாருக்கு ஆயுள் குறைவு. கம்பி இரண்டு வாரத்தில் துருப்பிடிக்கும், ஸ்க்ரூ உப்புப் பூத்து இறுகிக்கொள்ளும். ஈரக்காற்றில் மரம் அசையும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அருள் திருக்கழுக்குன்றம் வழியாக ரிசார்ட்டுக்குப் போகும் முன் மொபெட்டை நிறுத்தி, பேஸை என் மேஜையில் வைப்பான். கழுத்து இன்னும் கொஞ்சம் வளைந்திருக்கும், மேல் ஃப்ரெட்டில் மறுபடி உரசல். ஸ்க்ரூவை இன்னும் ஒரு சுற்றுத் திருகுவேன். அன்று மாலையே கச்சேரி இருக்கும். பத்து நாள் வேலையை நான் எங்கே செய்வது?

நடுவில் ரிசார்ட் மேனேஜர் ஒரு நாள் சொன்னாராம்: "சத்தம் நீச்சல் குளம் வரைக்கும் அடிக்கணும்பா." ஒரு நம்பர் தடித்த கம்பி போட்டுக் கொடுத்தேன். தடித்த கம்பி கழுத்தை அதிகமாக இழுக்கும். கழுத்து வளைந்தது, உரசியது, தூக்கினேன்.

பேசிக்கொண்டிருக்கும்போதே அருள் இடது கையை உதறுவான். ஈரத்தை உதறுகிற மாதிரி.

"கை மரத்துப் போவுது அண்ணாத்த. காலைல லோட்டா புடிக்க முடியல."

"வண்டி ஓட்டுறல்ல, அதான்" என்றேன். தினமும் போக வர அறுபது கிலோமீட்டர். நியாயமான பதிலாகத்தான் தெரிந்தது.

இன்னொன்றும் கவனித்தேன். பாடகர்களிடம் ஸ்கேலை, அதாவது பாடும் சுருதியை, மாற்றச் சொல்லிக்கொண்டிருந்தான். எல்லாப் பாட்டும் இ அல்லது ஏ-யில் வரும்படி பார்த்துக்கொள்வான். அந்த ஸ்கேல்களில் பேஸின் கம்பியை அழுத்தாமலே பாதி நோட்டு வாசித்துவிடலாம். பையன் கெட்டிக்காரன், நோகாமல் வாசிக்கிறான் என்று நினைத்தேன். நொந்துதான் வாசிக்கிறான் என்பது எனக்குப் படவில்லை.

5. புல்வெளி

இரண்டாயிரத்து மூன்றில் ஒரு மாலை, ஆம்ப் பார்க்க வரச் சொல்லியிருந்ததால் நானும் அங்கே இருந்தேன். புதிதாக வந்த பாடகி தன் ஸ்கேலை மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டாள். முதல் பாட்டு ஓடியது. இரண்டாவது பாட்டின் நடுவில் பேஸ் நின்றது. ஒயர் போய்விட்டது என்று நினைத்து ஆம்ப் பக்கம் ஓடினேன். ஒயர் சரியாகத்தான் இருந்தது. அருள் இடது கையைப் பார்த்துக்கொண்டு நின்றான். மோதிர விரலும் நடுவிரலும் கம்பி மேல் இருந்தன, ஆனால் அழுத்தவில்லை.

 அடுத்த வாரம் மேனேஜர், "கை சரியானதும் வாங்க அருள், பாத்துக்கலாம்" என்றார். அதற்குள் வேறு ஆள் வந்துவிட்டிருந்தான்.

டாக்டர் மணிக்கட்டில் நரம்பு அழுந்திக் கிடக்கிறது என்றார். எவ்வளவு நாளாக என்று கேட்டாராம். அருள் வருஷக் கணக்கில் சொன்னான்.

6. மேஜை மேல்

ஆறு மாதம் கழித்து பேஸை விற்றுத் தரச் சொல்லி அருள் கடைக்கு வந்தான். பழைய தொழிற்சாலையிலேயே ஸ்டோர்ஸில் உட்கார வைத்திருந்தார்கள், சம்பளம் முன்பைவிடக் குறைவு.

விற்பதற்கு முன் அளந்து பார்ப்பது வழக்கம். டிராயரிலிருந்து நாணயம் எடுத்தேன். ஒன்று நுழைந்தது. அதன் மேல் இரண்டாவது. மூன்றாவதையும் வைத்துத் தள்ளினேன், மூன்றும் தட்டாமல் உள்ளே போயின. அத்தனை உயரத்திலிருந்துதான் ஒவ்வொரு நோட்டையும் அவன் அழுத்தியிருக்கிறான். கம்பியைத் தூக்கித் தூக்கி அங்கே கொண்டுபோய் நிறுத்தியது என் ஸ்க்ரூ டிரைவர். ஒவ்வொரு தடவையும் உரசல் நின்றதா என்று காதை வைத்துக் கேட்டேனே தவிர, கடைசியாக எப்போது நாணயம் வைத்தேன் என்று யோசித்தால் ஞாபகம் வரவில்லை.

அருள் நாணயங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் அந்த அளவு தெரியும்.

"நான் பெர்சா ஒண்ணும் சொல்லல அண்ணாத்த" என்றான். "கைக்குப் பழகிடும்னு சொன்ன. பழகல."

கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

பேஸை விற்கவில்லை. கழுத்தைப் பிரித்து, உள்ளே ராடு போட்டு, ஒட்டி, ஃப்ரெட் தேய்த்தேன். பத்து நாள் என்று சொன்னேனே, ஒன்பதே நாளில் முடிந்தது. கம்பி ஒரு நாணயத்தில் நின்றது, இரண்டாவது தட்டியது. அருளைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தேன். இரண்டு நிமிஷம் வாசித்தான்.

"சாரோடது மாதிரியே கீது" என்றான். பிறகு கையை உதறிக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிட்டான்.

இப்போதும் அந்தக் கேள்வியோடு ஆட்கள் வருகிறார்கள். விலை அதிகமான பேஸ் அதற்குத் தகுமா? சிலது வெறும் பெயிண்ட்டும் பேரும்தான். இப்போது வரும் குறைந்த விலைச் சரக்கிலும் திருகினால் திருகும் ராடு இருக்கிறது, ஒரு நாணயத்தில் நிறுத்திவிடலாம். திரை கட்டிக் கேட்டால் இன்றும் எனக்கு வித்தியாசம் தெரியாது. அன்றைய சோதனையில் தப்பில்லை. பன்னிரண்டு தடவையும் எந்தப் பேஸ் என்று தெரிந்த ஒருவன் திரைக்கு அந்தப் பக்கம் நின்றான், யாரும் கேட்காமலே கைக்கு அது வேறு மாதிரி என்று சொல்லவும் செய்தான். நான்தான் சிரித்தேன்.

அருளின் பேஸ் என் சுவரில் மாட்டியிருக்கிறது, விற்பனைக்கு அல்ல. யாராவது பேஸைக் கொண்டுவந்து சத்தம் சரியில்லை என்று சொன்னால், கிட்டார் பெட்டியை உடனே திறக்கச் சொல்வதில்லை. முதலில் இடது கையை நீட்டச் சொல்கிறேன்.