கோலத்தில் இரண்டு சொட்டு

தரை என்றால் எல்லாம் ஒன்றுதான் என்பவர்களை எஸ்தருக்கு ஆகவே ஆகாது. பதினெட்டு வருடமாகக் காஞ்சிபுரத்தில் வீடு துடைக்கிறாள். பிள்ளையார்பாளையத்துப் பழைய வீடுகளின் சிவப்பு ஆக்சைடு தரைக்கு வெறும் தண்ணீர் போதும். கிரானைட்டுக்குச் சோப்புத் தண்ணீர். கழிவறை டைல்ஸில் உப்புக்கறை ஏறினால் மட்டும் கொஞ்சம் ஆசிட். மார்பிளில் ஆசிட் ஒரு சொட்டு பட்டாலும் பளபளப்பு போய்விடும், எலுமிச்சைச் சாறுகூட ஆகாது என்று வீட்டுக்காரர்களையே அதட்டுவாள்.

இவ்வளவு தெரிந்தவளுக்கு மூக்கு வேலை செய்யவில்லை. கொரோனா காய்ச்சலில் போன வாசனை திரும்பவே இல்லை. அதை யாரிடமும் சொல்லவில்லை. ஆசிட்டையும் தரை லிக்விடையும் பிரித்தறியத் தெரியாதவளை யார் வேலைக்கு வைப்பார்கள்? நம் வீடுகளிலோ எதை வாங்கினாலும் பழைய தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைப்போம், மேலே பெயர் எழுத மட்டும் கை வராது.

அதனால் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். வாசல் கோலத்தின் ஓரத்தில் இரண்டு சொட்டு விடுவாள். கோலமாவு கல்லை அரைத்தது, ஆசிட் பட்டால் நுரைக்கும். நுரைக்காவிட்டால் லிக்விட். ஐந்து வருடமாக அது அவளை ஏமாற்றியதில்லை.

செவிலிமேட்டில் தேவகி டீச்சர் புது வீடு கட்டியிருந்தார். மறுநாள் கிரகப்பிரவேசம். ஹால் முழுக்க வெள்ளை மார்பிள். பின்கட்டில் இரண்டு பாட்டில்கள் இருந்தன, இரண்டிலும் மஞ்சள் தண்ணீர். எஸ்தர் ஒன்றை எடுத்துப்போய்க் கோலத்தில் சொட்டு விட்டாள். நுரைக்கவில்லை. வாளியில் இரண்டு மூடி ஊற்றி, மாப்பை நனைத்து, வாசற்படி அருகே ஒரு இழுப்பு இழுத்தாள்.

திரும்பும்போதுதான் எறும்புகளைப் பார்த்தாள். கோலத்திலிருந்து வெள்ளை வெள்ளையாகத் தூக்கிக்கொண்டு வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. எறும்பு கல்மாவையா தூக்கும்? விசேஷம் என்று டீச்சர் அரிசிமாவில் கோலம் போட்டிருக்கிறார். அரிசிமாவு ஆசிட்டுக்கு நுரைக்காது.

மாப்பை வெளியே வீசிவிட்டுக் குடம் குடமாகத் தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டினாள். சத்தம் கேட்டு தேவகி வந்தார்.

"இன்னாக்கா, ஹால்ல தண்ணிய கொட்டிக்கினு இருக்கீங்க?"

அதற்குள் உள்ளங்கை அகலத்துக்கு மார்பிள் மங்கிவிட்டிருந்தது. தேவகி அதைப் பார்த்தார். பாட்டிலை முகர்ந்து பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ஆசிட்டு. இந்த நெடிகூடவா உங்களுக்குத் தெரியல?"

பெயர் எழுதாமல் வைத்தது யார் குற்றம் என்று கேட்டிருக்கலாம். அது எஸ்தரின் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் ஐந்து வருடப் பயம் அவளை அலுக்க வைத்திருந்தது.

"தெரியல டீச்சர். கொரோனாவுக்கு அப்புறம் எனக்கு எந்த வாசனையும் தெரியறதில்ல. கோலத்துல ஊத்திப் பாத்துதான் ஓட்டிக்கினு இருந்தேன். இன்னிக்கு அது அரிசிமாவாப் போச்சு."

எஸ்தர் தன் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். வேலை செய்யும் எட்டு வீடும் போய்விட்டதென்றே நினைத்தாள்.

"எங்க கிளம்பிட்டீங்க?" தேவகி அலமாரியிலிருந்து ஒரு மார்க்கர் பேனாவை எடுத்து நீட்டினார். "ஊத்தி வெச்சது நான்தான். எல்லா வீட்டு பாட்டில்லயும் பேர் எழுத வெச்சிடுங்க. கேட்டா டீச்சர் சொன்னாங்கன்னு சொல்லுங்க."

எஸ்தருக்கு அழுகை வந்துவிட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பின்கட்டுக்குப் போய் இரண்டாவது பாட்டிலை எடுத்து வந்தாள். மூடியைத் திறந்து தேவகியிடம் நீட்டினாள்.

"கொஞ்சம் மோந்து பாத்து சொல்லுங்க டீச்சர்."