குறைக்க முடியாத வெளிச்சம்

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் விட்டுவிடுங்கள். இதில் நான் கண், காது, மூக்கு வைத்துச் சொல்வது எதுவும் இல்லை. என் சித்தி மகனுக்கு நடந்தது. அவனுக்குப் பொய் சொல்ல வராது. வந்திருந்தால் இந்நேரம் பட்டறைக்கு மேல் ஒரு மாடி கட்டியிருப்பான்.

கார்களுக்கு வயரிங் பார்ப்பது அவன் தொழில். சின்ன வயதில் வீட்டு மெயின் பெட்டியில் கையை விட்டுத் தெருவையே இருட்டாக்கினான். அன்றிலிருந்து குடும்பத்தில் அவனுக்கு 'ஃபியூஸ்' என்றுதான் பெயர். பெண் பார்க்கப் போன இடத்தில் சித்தியே வாய் தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டாள். அந்தச் சம்பந்தம் அதோடு சரி.

இன்றைக்கு அவன் பட்டறைக்குப் போனால் ஒரு விஷயம் கண்ணில் படும். டேஷ்போர்டு விளக்கு மாற்றினால் இருட்டில் எரியவிட்டுப் பார்க்கவேண்டும். அப்போதுதான் வெளிச்சம் சரியாக விழுகிறதா என்று தெரியும். மற்ற எலக்ட்ரீஷியன்கள் ஷட்டரை இறக்கிவிட்டுப் பார்ப்பார்கள். இவன் இறக்க மாட்டான். ஒரு கறுப்புத் துணியை மீட்டர் மேல் போர்த்தி, அதற்குள் தலையை மட்டும் விட்டுப் பார்ப்பான். ஏன்டா என்று கேட்டால், "புழுக்கமா இருக்கு" என்பான். குளிர் காலத்திலும் அதே பதில்தான்.

எனக்கு மட்டும் காரணம் சொன்னான். பேய் என்றால் நடுராத்திரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இது நடந்தது பட்டப்பகலில், மதியம் மூன்று மணி சுமாருக்கு.

அன்று ஒரு பல் டாக்டர் தன் பழைய காரைக் கொண்டுவந்தார். ஃபியூஸைவிட வயதில் மூத்த கார். வெள்ளைப் பெயின்ட், வட்ட வட்டமாக மீட்டர்கள், அகலமான முன் சீட்டு. மெருகு குலையாமல் வைத்திருந்தார். டாக்டருக்கு அறுபது இருக்கும். சட்டையில் ஒரு சுருக்கம் கிடையாது. முகத்திலும் ஒன்றும் கிடையாது. கோபம், சிரிப்பு, அலுப்பு எதுவுமே இல்லை. பல் பிடுங்க ஊசி போட்டபின் வாய் மரத்துப்போய்ப் பேசுவார்களே, அப்படிப் பேசினார்.

"மீட்டர் லைட்டெல்லாம் எல்இடி ஆக்கணும். இருக்கறதுலயே பெரிய வெளிச்சம்."

"ஆக்கலாம் சார். ஆனா பழைய வண்டிக்கு அந்த மஞ்ச வெளிச்சம்தான் அழகு. மாத்தினா ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும்."

"இருக்கட்டும். பக்கத்து சீட்ல இருக்கறவங்க முகம் தெரியணும்."

இப்படி ஒரு காரணத்தை ஃபியூஸ் அதுவரை கேட்டதில்லை. வேகம் தெரியணும், பெட்ரோல் முள் தெரியணும் என்பார்கள். முகம் தெரியணும் என்று யாரும் சொன்னதில்லை. கண்ணில் புரை விழுந்திருக்கும், பாவம் என்று நினைத்துக்கொண்டான்.

"பொண்ணு வெளிநாட்டுல இருந்து வர்றா. ராத்திரி ஃப்ளைட். நானே வந்து கூட்டிட்டுப் போறேன்னு வாக்குக் குடுத்துட்டேன்" என்றார் டாக்டர். "ஒரு வருஷமா ராத்திரியில ஓட்டல. இந்த லைட் இல்லாம என்னால ஓட்ட முடியாது."

ஃபியூஸ் நாணயமானவன். வேலையில் இருக்கும் குறையை முன்கூட்டியே சொல்லிவிடுவான். ரேடியோவுக்குப் பக்கத்தில், இரண்டு சீட்டுக்கும் எட்டுகிற இடத்தில் ஒரு சின்னக் குமிழ் இருந்தது. அதைத் திருகினால் மீட்டர் விளக்குகள் மங்கும். அதைத் தொட்டுக் காட்டினான்.

"சார், ஒரு சிக்கல். இது பழைய பல்புக்குத்தான் குறைக்கும். பல்பு நிறைய கரண்ட் இழுக்கும், இதுக்குள்ள இருக்கற கம்பிச் சுருள் அதைத் தடுக்கும். எல்இடி இழுக்கறதே கொஞ்சூண்டு. அதை இதால குறைக்க முடியாது. கண்ணு கூசினாலும் அப்படியேதான் எரியும்."

"அதுதான் வேணும்."

"சார்?"

"அந்தக் குமிழ் வேலை செய்யக் கூடாது."

சரி, காசு கொடுக்கிறவர் கேட்கிறார். ஃபியூஸ் வேலையைத் தொடங்கினான். மீட்டர் பலகையைக் கழற்றினான். பின்னால் ஆறு பல்புகள், கண்ணாடியெல்லாம் புகை படிந்து கறுத்திருந்தன. ஒவ்வொன்றாக எடுத்து ஒரு டப்பாவில் போட்டான். எல்இடிகளைச் செருகினான். இரண்டு எரியவில்லை. அவற்றைத் திருப்பிச் செருகினதும் எரிந்தன. எல்இடிக்குப் பிளஸ், மைனஸ் உண்டு, மாற்றிப் போட்டால் எரியாது. அதுவரை எல்லாம் வழக்கப்படி நடந்தது.

டாக்டர் அவ்வளவு நேரமும் ஸ்டூலில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். டீ சொன்னான், வேண்டாம் என்றார். ஃபேன் போட்டான், அதையும் அவர் கவனிக்கவில்லை.

பலகையை மாட்டிவிட்டு ஃபியூஸ் ஷட்டரை இறக்கினான். கடகடவென்று சத்தம். பட்டறை இருண்டது.

டாக்டர் ஓட்டுநர் சீட்டில் ஏறினார். இடது பக்கக் கதவைத் திறக்கப் போன ஃபியூஸைப் பார்த்து, "அங்க உக்காராதீங்க" என்றார்.

ஃபியூஸ் வெளியே நின்று ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான். டாக்டர் சுவிட்சைப் போட்டார்.

பளீரென்று வெள்ளை வெளிச்சம். எண்கள், முட்கள் எல்லாம் கத்தி போலத் தெரிந்தன. காலியான இடது சீட்டின் தையல்கூடத் தெரிந்தது. டாக்டர் அந்தச் சீட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா இருக்கு" என்றார். முகத்தில் முதல்முறையாக ஏதோ இளகியது.

ஃபியூஸுக்கும் திருப்தி. பார்த்துக்கொண்டே இருந்தான்.

'டிக்.'

சின்னச் சத்தம். வெளிச்சம் மெதுவாக இறங்கியது... இன்னும் இறங்கியது... பழைய பல்பு மங்குவது போலவே சீராக மங்கியது.

பேட்டரி என்று நினைத்தான். ஷட்டரை ஏற்றிவிட்டு, கரண்ட் அளக்கும் கருவியை வைத்துப் பார்த்தான். பேட்டரி நன்றாக இருந்தது. எர்த் வயரைப் பார்த்தான். நன்றாக இருந்தது. ஃபியூஸுக்கு மண்டை காய்ந்தது. தொழில் தெரியாதவன் என்று இவர் ஊரெல்லாம் சொல்லப்போகிறார் என்ற கவலை வேறு.

"இந்தக் குமிழ்தான் ஏதோ பண்ணுது சார். ஒரேயடியா வெட்டி விட்டுடறேன்."

"வெட்டுங்க" என்றார் டாக்டர். இளகியது மறுபடி மரத்துப்போயிருந்தது.

குமிழுக்குப் போகும் இரண்டு வயரையும் வெட்டினான். முனைகளுக்கு டேப் சுற்றினான். விளக்குகளுக்குச் சுவிட்சிலிருந்து நேராகக் கரண்ட் கொடுத்தான். இனி அந்தக் குமிழ் வெறும் பிளாஸ்டிக் துண்டு. கதவுக் கைப்பிடியைத் திருகி ஃபேனை நிறுத்த முடியுமா? அதுபோலத்தான் இதுவும்.

மறுபடி ஷட்டரை இறக்கினான்.

மறுபடி வெள்ளை வெளிச்சம். டாக்டர் இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு இடது சீட்டைப் பார்த்தார். ஃபியூஸ் ஜன்னலில் இருந்து குமிழைப் பார்த்தான். கண் இமைக்கவில்லை.

ஒன்றும் நடக்கவில்லை.

அப்பாடா என்று மூச்சு விட்டான்.

'கிறீச்...'

சீட்டு ஸ்பிரிங்கின் சத்தம். டாக்டர் அசையவில்லை. சத்தம் இடது சீட்டிலிருந்து வந்தது.

'டிக்.'

குமிழ் திரும்பியது. அவன் கண் முன்னால்... யாரும் தொடாமல்... கொஞ்சம் கொஞ்சமாக...

வெளிச்சம் இறங்கியது.

ஃபியூஸ் கையை நீட்டிக் குமிழைத் தொட்டான். ஏன் தொட்டான் என்று இன்றுவரை அவனுக்குத் தெரியாது.

சூடாக இருந்தது.

கரண்ட் இல்லாத குமிழ். யாரோ இவ்வளவு நேரம் விரலால் பிடித்திருந்து இப்போதுதான் விட்டது போன்ற சூடு.

கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

இருட்டு.

அந்த இருட்டில் டாக்டரின் குரல் கேட்டது. பதற்றம் இல்லை, பயம் இல்லை. வீட்டில் பேசுவது போல இருந்தது.

"தூங்கிட்டியா?"

கொஞ்சம் பொறுத்து அவரே சொன்னார்.

"சரி, தூங்கு. வந்துட்டோம்."

ஃபியூஸ் எப்படி ஷட்டரை ஏற்றினான் என்று அவனுக்கே நினைவில்லை. வெயில் உள்ளே விழுந்தபோது டாக்டர் காரை விட்டு இறங்கிப் பணத்தை எடுத்துக்கொண்டிருந்தார்.

"சார்... நீங்க பாத்தீங்களா?"

"உங்க வேலையில ஒரு தப்பும் இல்ல" என்றார். பணத்தை மேசையில் வைத்துவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஃபியூஸ் அன்று கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனான். பயம்கூட இல்லையாம். உடம்பு முழுக்க மரத்துக் கிடந்ததாம். சித்தி சோறு போட்டதையும், அவன் சாப்பிட்டதையும் மறுநாள் சித்தி சொல்லித்தான் தெரிந்துகொண்டான்.

அந்த வாரக் கடைசியில் அதே கார் பட்டறை வாசலில் வந்து நின்றது. காலை நேரம், நல்ல வெயில். டாக்டர் ஓட்டுநர் சீட்டிலேயே இருந்தார். பின் கதவைத் திறந்துகொண்டு ஒரு பெண் இறங்கி உள்ளே வந்தாள். டாக்டரின் மகள்.

"அண்ணா, பழைய பல்பெல்லாம் வெச்சிருக்கீங்களா? அதையே திரும்பப் போட்டுடுங்க. அந்தக் குமிழையும் சேத்துடுங்க. அப்பா சொல்லச் சொன்னாரு."

ஃபியூஸ் டப்பாவை எடுத்தான். கேட்கலாமா வேண்டாமா என்று கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டான்.

"உங்களைக் கூட்டிட்டு வர ராத்திரி வந்தாரா?"

"வந்தாரு. என்னை முன்னாடி உக்கார விடல. பின்னாடிதான் உக்காந்தேன். லைட்டு பளிச்சுன்னு இருந்துச்சு. பாதி வழியில மங்கிடுச்சு." அவள் குரலை இறக்கினாள். "அதுக்கப்புறம் வீடு வர்ற வரைக்கும் அப்பா ஒரு கையிலதான் ஓட்டினாரு. இடது கை பக்கத்து சீட்டு மேலயே இருந்துச்சு. கியர் மாத்த மட்டும்தான் எடுத்தாரு. யாரோட கையையோ பிடிச்சுப் பாத்துட்டே வர்ற மாதிரி... சூடு இருக்கான்னு பாக்கற மாதிரி."

ஃபியூஸ் மீட்டர் பலகையைக் கழற்றினான். டாக்டர் சீட்டில் அமைதியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே வெட்டிய வயர்கள் அப்படியே இருந்தன. அவன் சுற்றிய டேப் பிரியவில்லை. அவற்றைக் குமிழோடு சேர்த்தான். பழைய பல்புகளைச் செருகினான். வேலையை முடித்து உள்ளே வந்து கை கழுவும்போது மகள் மீதியைச் சொன்னாள்.

"போன வருஷம் அம்மாவும் அப்பாவும் அத்தை வீட்டுல இருந்து இந்த வண்டியிலதான் வந்தாங்க. ஆறு மணி நேர ராத்திரிப் பயணம். அம்மாவுக்கு வெளிச்சம் இருந்தா தூக்கம் வராது. எப்பவும் அவங்கதான் அந்தக் குமிழைத் திருகிக் குறைப்பாங்க. அன்னைக்கு ஏறின கொஞ்ச நேரத்துல பேச்சை நிறுத்திட்டாங்க. கண்ணை மூடியிருக்காங்கன்னு நினைச்சு அப்பா மட்டும் பேசிட்டே வந்திருக்காரு. வீட்டு வாசல்ல எழுப்பினா... எழுந்திரிக்கல."

ஃபியூஸ் குழாயை மூடவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"ஊருக்குள்ள நுழையற பாலம் இருக்குல்ல? அது மேல வர்றப்பதான் அம்மா கையை நீட்டி லைட்டைக் குறைச்சாங்கன்னு அப்பா சொல்றாரு. கண்ணால பாத்தேங்கறாரு. 'தூங்கு, வந்துட்டோம்'னு சொன்னாராம். அதனாலதான் சந்தேகமே வரலையாம், நேரா வீட்டுக்கு வந்துட்டாரு."

"அப்போ அந்தப் பாலத்துக்கு அப்புறம்தான்..."

அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"ஆஸ்பத்திரியில பாத்தவங்க, உடம்பே விறைச்சுப் போச்சு, உயிர் போய் நாலு மணி நேரத்துக்குக் குறையாதுன்னு சொன்னாங்க. அந்தப் பாலத்துல இருந்து எங்க வீட்டுக்குப் பத்து நிமிஷம் அண்ணா."

வாசலில் ஹாரன் அடித்தது. அவள் போய்ப் பின் சீட்டில் ஏறிக்கொண்டாள். டாக்டர் அந்த வெயிலில் மீட்டர் விளக்கைப் போட்டார். எரிகிறதா என்றுகூடத் தெரியவில்லை. பிறகு குமிழைத் தானே மெதுவாகத் திருகிக் கடைசிவரை குறைத்தார். இடது பக்கம் திரும்பி ஏதோ சொன்னார். காரை எடுத்தார்.