நான் நறுக்கிய ரிப்பன்

வன்னியில், விசுவமடுவில் உயிரியல் படிப்பித்த என் சின்னம்மாவுக்குப் பயம் என்பதே தெரியாது. கூடப் படிப்பிக்கும் கணக்கு மாஸ்டரைத்தான் கட்டுவேன் என்று வீட்டில் நேராகவே சொல்லிவிட்டார். மாஸ்டரின் குடும்பம் மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தது, எங்களுடையது யாழ்ப்பாணத்திலிருந்து. இரண்டு வீட்டு வயலுக்கும் ஒரே வாய்க்கால் தண்ணீர்தான். ஆனாலும் தாத்தா, "அவையள் வேறை, நாங்கள் வேறை" என்று மறுத்துவிட்டார்.

அந்த நாட்களில்தான் பள்ளிக்கூட விஞ்ஞானக் கண்காட்சி வந்தது. சின்னம்மா ஒரு பெரிய அட்டையில் ரிப்பன் துண்டுகளை ஒட்டினார். ஒவ்வொரு துண்டும் டி.என்.ஏ. சுருண்டிருக்கும் ஒரு நிறமூர்த்தம், குரோமோசோம் என்பார்களே, அது. எட்டு வயதுக்காரியான நான்தான் வெட்டிக் கொடுத்தேன். மேல் வரிசை சிம்பன்சிக்கு, இருபத்துநான்கு சோடி. கீழ் வரிசை மனிதனுக்கு, இருபத்துமூன்று சோடி.

குரங்கைவிட எங்களுக்கு ஒன்று குறைவா? எங்கள் வீட்டில் யாரைவிடவும் குறைந்துபோய்ப் பழக்கமில்லை. உற்றுப் பார்த்தேன். மனித வரிசையில் ஒரு சோடி மட்டும் பாதி பச்சை, பாதி மஞ்சள். இரண்டு துண்டைத் தைத்து ஒன்றாக்கியிருந்தார். ரிப்பன் போதாமல் போயிருக்கும் என்று நினைத்து, யாருக்கும் சொல்லாமல் தையல் வழியே நறுக்கிவிட்டேன். கணக்குச் சரியாகிவிட்டது.

கண்காட்சியில் தாத்தா முன்வரிசைக் கதிரையில் இருந்தார். விளக்கிக்கொண்டே வந்த சின்னம்மா நான் நறுக்கிய இடத்தில் நின்று, என் முகத்தைப் பார்த்தார். பிடிபட்டுவிட்டேன். அவர் ஏசவில்லை. கணக்கு மாஸ்டர் நீட்டிய குண்டூசியை வாங்கி, பச்சையையும் மஞ்சளையும் எல்லோர் முன்னாலும் சேர்த்துக் குத்தினார். அந்த நிதானத்துக்கு இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடலாம்.

"குரங்குகளிலை தனித்தனியா இருக்கிற ரெண்டு, எங்களிலை ஒண்டாச் சேர்ந்திட்டுது. ஒண்டும் குறையேல்லை."

தாத்தா தொண்டையைச் செருமினார். "அப்ப மனிசருக்கு மனிசர் எவ்வளவு வித்தியாசம், பிள்ளை?"

"அது இதைவிட எவ்வளவோ குறைவு, அப்பா. கத்தரிக்கோலாலை வெட்டிக் காட்டேலாது."

தாத்தா அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மாஸ்டர் பக்கம் திரும்பினார்.

"தம்பி, ஒரு ஊசி போதாது. கழண்டிடும். நீரும் ஒண்டு குத்தும்."

எனக்கு அழுகை அழுகையாக வந்தது. எதையும் நேராக வெட்டுகிற என்னால் அதை வெட்டிக் காட்ட முடியாது என்று சின்னம்மா இத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டாரே! ஆனால் சின்னம்மாவும் ஏன் அழுதார் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.